சிறிய தானுந்துகளின் வசதிநிலைகள்

தானுந்து வசதிநிலை என்பது, ஒரே பெயரும் ஒரே உடற்கூடும் கொண்ட ஒரு தானுந்து வெவ்வேறு விலைகளில் பல படிகளாக விற்கப்படும்போது, அப்படிகளுள் ஒன்றைக் குறிக்கும். பொருத்தப்பட்டுள்ள கருவிகள், வசதிகள், அழகூட்டும் உறுப்புகள் ஆகியவற்றைக் கொண்டு இப்படிகள் பிரிக்கப்படுகின்றன. இந்தியாவின் விற்பனைக் கூடங்களிலும் பேச்சு வழக்கிலும் இது வேரியண்ட் என்று அழைக்கப்படுகிறது. விலை மிகக் குறைந்த படி பேஸ் மாடல் என்றும், விலை மிகக் கூடிய படி டாப் மாடல் என்றும் கூறப்படும்.

சிறிய தானுந்துகளில் அடிநிலைக்கும் மேல்நிலைக்கும் இடையிலான விலை வேறுபாடு, வண்டியின் மொத்த விலையோடு ஒப்பிடும்போது பெரியதாகும். எடுத்துக்காட்டாக, 2024 மே மாதத்தில் இந்தியாவில் அறிமுகமான நான்காம் தலைமுறை மாருதி சுசுகி சுவிஃப்ட்டின் அறிமுகக் காட்சியறை விலை 6.49 இலட்சம் ரூபாய் முதல் 9.64 இலட்சம் ரூபாய் வரை இருந்தது. எனவே எந்தத் தானுந்தை வாங்குவது என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, அதில் எந்த நிலையை வாங்குவது என்பதும் குடும்ப வரவுசெலவைப் பாதிக்கும் முடிவாக அமைகிறது. சில காலங்களில் இது உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிய முடிவாகவும் இருந்துள்ளது.

பொருளும் எல்லையும்

வசதிநிலை என்பது தயாரிப்பின் தரத்தைக் குறிப்பதன்று. ஒரு தானுந்தின் எல்லா நிலைகளும் பொதுவாக ஒரே ஆலையில், ஒரே தயாரிப்பு வரிசையில், ஒரே உடற்கூட்டைக் கொண்டு செய்யப்படுகின்றன. பொறி, கியர்ப்பெட்டி, எரிபொருள் ஆகியவற்றின் தெரிவுகள் வசதிநிலையிலிருந்து வேறானவை. எனினும் நடைமுறையில் இவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. தானியங்கி கியர்ப்பெட்டி நடுநிலையிலிருந்து மட்டுமே கிடைப்பதும், இயற்கை எரிவாயுவால் ஓடும் வகை மேல்நிலையில் கிடைக்காமல் இருப்பதும் வழக்கமாகக் காணப்படுகின்றன. இதனால் நான்கைந்து வசதிநிலைகள் கொண்ட ஒரு தானுந்து, விலைப்பட்டியலில் பத்துக்கும் மேற்பட்ட வகைகளாகத் தோற்றமளிக்கலாம்.

இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது இரண்டிலும் பொறியும் கியர்ப்பெட்டியும் ஒன்றாக இருப்பது இன்றியமையாதது. அவ்வாறு இல்லாவிட்டால் கியர்ப்பெட்டிக்கான விலை, வசதிகளுக்கான விலையாகத் தவறாகக் கணக்கிடப்படும். மேற்குறிப்பிட்ட சுவிஃப்ட்டின் உயர்ந்த விலையிலும் தானியங்கி கியர்ப்பெட்டிக்கும் இருவண்ணப் பூச்சுக்கும் உரிய தொகைகள் அடங்கியிருந்தன.

வரலாறு

அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம் 1908 முதல் 1927 வரை தயாரித்த மாடல் டி, ஒரே அடிச்சட்டத்தைப் பெருமளவில் செய்து விலையைக் குறைக்கும் கொள்கையைப் பின்பற்றியது. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. இதற்கு மாறாக, 1923 ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரான ஆல்ஃபிரட் சுலோன், வெவ்வேறு வருவாய்ப் பிரிவினருக்கு வெவ்வேறு விலையில் தானுந்துகள் இருக்கவேண்டும் என்ற கொள்கையை வகுத்தார். செவ்ரொலே முதல் கடிலாக் வரை அந்நிறுவனத்தின் வணிகப்பெயர்கள் ஓர் ஏணியைப் போல அடுக்கப்பட்டன.

பின்னர் இதே ஏணி ஒரே தானுந்துக்குள்ளும் கொண்டுவரப்பட்டது. 1953 ஆம் ஆண்டில் செவ்ரொலே தன் தானுந்துகளை ஒன்-ஃபிஃப்டி, டூ-டென், பெல் ஏர் என மூன்று நிலைகளாக விற்றது. பிரித்தானியாவில் 1970 ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை ஃபோர்ட் கார்ட்டினா, அடிநிலை, எல், எக்ஸ்எல், ஜிடி, ஜிஎக்ஸ்எல் எனப் பல நிலைகளில் கிடைத்தது. ஃபோர்ட் நிறுவனம் தான் கையகப்படுத்திய இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான கியாவின் பெயரை 1970களில் தன் மேல்நிலைகளுக்குச் சூட்டியது. அக்காலத்தில் பிரித்தானிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குப் பதவிக்கேற்பத் தானுந்து வழங்கியதால், வண்டியின் பின்புறம் ஒட்டப்பட்ட எழுத்துகளைக் கொண்டே ஒருவரின் பதவியை ஊகிக்க முடிந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் நெடுங்காலம் அம்பாசடர், பிரிமியர் பத்மினி போன்ற சில தானுந்துகளே கிடைத்தன. வாங்குவோர் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த அந்நாட்களில், நிலைகளுக்கிடையே தேர்ந்தெடுக்கும் சூழல் பெரிதாக இருக்கவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 அறிமுகமானது. அதில் குளிரூட்டி இல்லாத வகை, குளிரூட்டி உள்ள வகை என்ற பிரிவே வாங்குவோருக்கு முதன்மையான வேறுபாடாக இருந்தது.

1990களின் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பின்னர் போட்டி பெருகியது. 1998 ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரான ஹியுண்டாய் சான்ட்ரோவும், அதே ஆண்டின் இறுதியில் டாட்டா இண்டிகாவும் வெளிவந்தன. அப்போதிருந்து ஒவ்வொரு சிறிய தானுந்தும் பல நிலைகளில் விற்கப்படுவது வழக்கமாயிற்று.

2006 ஆம் ஆண்டின் நடுவண் அரசு வரவுசெலவுத் திட்டம் சிறிய தானுந்துகளுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் பொறியாயின் 1200 கன செ.மீ., டீசல் பொறியாயின் 1500 கன செ.மீ. என்ற அளவுக்கு மிகாத கொள்ளளவும் உடையவை சிறிய தானுந்துகளாகக் கொள்ளப்பட்டன. இவ்வரையறைக்குள் அடங்க வேண்டியிருந்ததால் நிறுவனங்கள் அளவில் போட்டியிட முடியவில்லை. மாறாக, வசதிகளை அடுக்கிப் போட்டியிட்டன.

பெயரிடும் முறை

வசதிநிலைகளுக்குப் பெயரிடுவதில் பொதுவான விதி ஏதும் இல்லை. மாருதி சுசுகி நிறுவனம் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்ற எழுத்துக்கூட்டங்களைப் பயன்படுத்துகிறது. இவற்றில் முதலெழுத்து எல் என்றால் கீழ்நிலை, வி என்றால் நடுநிலை, இசட் என்றால் மேல்நிலை ஆகும். 2020 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் டீசல் பொறிகளைக் கைவிடும் வரை, எல்டிஐ, விடிஐ, இசட்டிஐ ஆகியவை டீசல் வகைகளைக் குறித்தன. ஹியுண்டாய் நிறுவனம் எரா, மாக்னா, ஸ்போர்ட்ஸ், அஸ்டா போன்ற சொற்களைக் கையாண்டது. டாட்டா நிறுவனம் எக்ஸ்இ, எக்ஸ்எம், எக்ஸ்டி, எக்ஸ்இசட் என்ற வரிசையைக் கையாண்டது. 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பஞ்ச் தானுந்துக்கு ப்யூர், அட்வென்ச்சர், அக்கம்ப்ளிஷ்டு, கிரியேட்டிவ் என்று பெயரிட்டது.

பெயருக்குப் பின் ஓ என்ற எழுத்து இருந்தால், அந்த நிலையோடு கூடுதலாகச் சில உறுப்புகள் தெரிவாகச் சேர்க்கப்பட்டுள்ளன என்று பொருள். பிளஸ் என்ற சொல் அதற்கும் மேற்பட்ட நிலையைக் காட்டும். ஒரு நிறுவனத்தின் நடுநிலையில் உள்ள பொருள்கள் மற்றொரு நிறுவனத்தின் கீழ்நிலையிலேயே இருக்கக்கூடும். ஆகையால் பெயர்களைக் கொண்டு இரு நிறுவனங்களின் வண்டிகளை ஒப்பிட முடியாது. உறுப்புப் பட்டியலைக் கொண்டே ஒப்பிட முடியும்.

நிலைகளுக்கிடையே மாறுபவை

நிலைகளுக்கிடையே மாறும் உறுப்புகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்:

தோற்றம்: வண்டியின் நிறத்திலேயே அமைந்த கண்ணாடிக் கூடுகளும் கைப்பிடிகளும், அலாய் சக்கரங்கள், இருவண்ணப் பூச்சு.

பொழுதுபோக்கு: ஒலிக்கருவி, தொடுதிரை, ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை.

வசதி: மின்விசையால் இயங்கும் சாளரங்கள், தானியங்கிக் குளிரூட்டி, சாவி நுழைக்காமல் பொறியை இயக்கும் பொத்தான், சன்ரூஃப் எனப்படும் கூரைச் சாளரம்.

ஓட்டுநர் அமர்வு: இருக்கையின் உயரத்தையும் திசைமாற்றி வளையத்தின் சாய்வையும் மாற்றும் அமைப்புகள்.

பார்வை: பின்கண்ணாடித் துடைப்பான், பின்கண்ணாடியின் பனிமூட்டத்தை நீக்கும் வெப்பக் கம்பிகள், பின்புறப் படக்கருவி, முகப்பு விளக்கின் வகை.

பாதுகாப்பு: காற்றுப்பைகளின் எண்ணிக்கை, மோதலின்போது பட்டையை இறுக்கும் அமைப்பு, பின்னிருக்கைத் தலைதாங்கிகள், குழந்தை இருக்கையைப் பொருத்தும் கொக்கிகள்.

இவற்றுள் சில, மேல்நிலையில் இருப்பதாலேயே எல்லோருக்கும் நன்மை தருவன என்று கூறமுடியாது. பெரிய அலாய் சக்கரங்களில் பொருத்தப்படும் டயர்களின் பக்கச்சுவர் தாழ்வாக இருப்பதால், பள்ளங்களின் அதிர்வு உள்ளே கூடுதலாக உணரப்படும். அந்த டயர்களை மாற்றும் செலவும் அதிகம். கூரைச் சாளரத்தின் சட்டம் தலைக்கு மேலுள்ள இடைவெளியைச் சற்றுக் குறைக்கும். மறுபுறம், மழைக்காலத்தில் நாள்தோறும் பயன்படும் பின்கண்ணாடித் துடைப்பான், விளம்பரங்களில் அரிதாகவே குறிப்பிடப்படும்.

பாதுகாப்பும் வசதிநிலையும்

காற்றுப்பையும், ஏபிஎஸ் எனப்படும் சக்கரப் பூட்டைத் தடுக்கும் பிரேக் அமைப்பும் இந்தியச் சிறிய தானுந்துகளில் நெடுங்காலம் மேல்நிலை வாங்குவோருக்கு மட்டுமே கிடைத்தன. ஒலிக்கருவியைப் போலவே இவையும் கூடுதல் வசதிகளாக விற்கப்பட்டன.

இதன் விளைவை 2014 சனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு வெளியிட்ட மோதல் சோதனை முடிவுகள் வெளிப்படுத்தின. இந்தியாவில் விற்கப்பட்ட மாருதி சுசுகி ஆல்ட்டோ 800, டாட்டா நானோ, ஹியுண்டாய் ஐ10, ஃபோர்ட் ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்து சிறிய தானுந்துகளின் காற்றுப்பை இல்லாத அடிநிலைகள், மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முன்புற மோதலுக்கு உட்படுத்தப்பட்டன. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே ஒரு விண்மீன் கூடப் பெறவில்லை.

இவற்றுள் போலோ குறிப்பிடத்தக்கது. அதன் உடற்கூடு மோதலில் நிலைகுலையவில்லை. ஆயினும் ஓட்டுநரின் தலையையும் மார்பையும் தாங்கக் காற்றுப்பை இல்லாததால் சுழியம் கிடைத்தது. இரண்டு காற்றுப்பைகள் கொண்ட அதே போலோ நான்கு விண்மீன்களைப் பெற்றது. உடற்கூடு ஒன்றே; வசதிநிலை மட்டுமே வேறு. அதன் பின்னர் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் காற்றுப்பை இல்லாத போலோவின் விற்பனையை இந்தியாவில் நிறுத்தியது.

தொடர்ந்து இந்திய அரசின் விதிகள் படிப்படியாக மாறின. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய தானுந்துகளிலும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2019 சூலை முதல் ஓட்டுநர் காற்றுப்பை, முன்னிருக்கைகளுக்கான பட்டை நினைவூட்டி, வேக எச்சரிக்கை, பின்புற உணரிகள் ஆகியவை கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை, புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரல் முதலும், ஏற்கனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2022 தொடக்கம் முதலும் கட்டாயமாயிற்று. ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு 2022 சனவரியில் வெளியிடப்பட்டது. எனினும் அது கட்டாயமாக்கப்படாது என்று 2023 செப்டம்பரில் அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். இதற்கிடையில் போட்டியின் காரணமாக நிறுவனங்களே முன்வந்தன. 2023 அக்டோபரில் ஹியுண்டாய் தன் எல்லாத் தானுந்துகளின் எல்லா நிலைகளிலும் ஆறு காற்றுப்பைகளை வழங்குவதாக அறிவித்தது. 2024 ஆம் ஆண்டின் சுவிஃப்ட்டும் அடிநிலையிலேயே ஆறு காற்றுப்பைகளோடு வந்தது.

2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்ற இந்தியாவின் சொந்த மதிப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் முடிவறிக்கைகளில், மதிப்பீடு எந்தெந்த நிலைகளுக்குப் பொருந்தும் என்பது குறிப்பிடப்படுகிறது. விளம்பரத்தில் காட்டப்படும் விண்மீன்கள் வாங்கவிருக்கும் நிலைக்கும் உரியனவா என்பதை அவ்வறிக்கையைக் கொண்டு அறியலாம்.

பழைய தானுந்து வாங்குவோருக்கு இந்த வரலாறு இன்றும் பயனுள்ளது. 2019 ஆம் ஆண்டுக்கு முன் பதிவான ஒரு சிறிய தானுந்தில் காற்றுப்பை உள்ளதா என்பதை மாடலின் பெயரைக் கொண்டு சொல்ல இயலாது. அதன் வசதிநிலையைக் கொண்டே சொல்ல இயலும்.

பல நிலைகளில் விற்பதன் காரணம்

ஒரே தானுந்துக்கு வாங்குவோர் ஒவ்வொருவரும் கொடுக்க முன்வரும் தொகை வேறுபடும். ஒரே விலை வைத்தால், கூடுதலாகக் கொடுக்கக்கூடியவரிடமிருந்து கிடைக்கும் வருவாயை நிறுவனம் இழக்கும். குறைவாகவே கொடுக்கக்கூடியவரை வாடிக்கையாளராகப் பெறாது. பல நிலைகளை வைப்பதன் மூலம் இருவருக்கும் விற்க முடிகிறது. பொருளியலில் இது விலைப் பாகுபாட்டின் ஒரு வடிவமாகும்.

அடிநிலைக்கு மற்றொரு பணியும் உண்டு. விளம்பரத்தில் தொடக்க விலையாகக் குறிப்பிடப்படுவது அதன் விலையே ஆகும். அவ்விலையைக் கண்டு கூடத்துக்கு வருபவருக்குக் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதும் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கப்படுவதும் பெரும்பாலும் மேல்நிலை வண்டியாகவே இருக்கும். மேலும், அடுத்தடுத்த நிலைகளின் விலை சிறிய இடைவெளிகளில் அமைவதால், ஒவ்வொரு படி ஏறுவதும் சிறிய தொகையாகத் தோன்றும். மூன்று படிகள் ஏறிய பின்னரே மொத்த வேறுபாடு தெரியவரும். கீழ்நிலை வண்டிகளின் முகப்புப் பலகையில் பொத்தான்கள் இருக்கவேண்டிய இடத்தில் காணப்படும் வெற்று மூடிகள், ஒரே பலகை எல்லா நிலைகளுக்கும் செய்யப்படுவதைக் காட்டுகின்றன.

விலையும் வரியும்

நிலைகளுக்கிடையிலான காட்சியறை விலை வேறுபாடு, சாலையில் இறங்கும்போது மேலும் கூடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் மேற்சொன்ன அளவுக்குட்பட்ட சிறிய தானுந்துகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடாகவும், அவ்வளவைக் கடந்தவற்றுக்கு 40 விழுக்காடாகவும் விதிக்கப்படுகிறது. இது காட்சியறை விலையிலேயே அடங்கிவிடும். சாலை வரியும் காப்புறுதியும் தனியே சேரும்.

சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தானுந்தின் விலை 5 இலட்சம் வரை 12 விழுக்காடும், 5 முதல் 10 இலட்சம் வரை 13 விழுக்காடும், 10 முதல் 20 இலட்சம் வரை 18 விழுக்காடும், அதற்கு மேல் 20 விழுக்காடும் வாழ்நாள் வரியாகும். 9,90,000 ரூபாய் விலையுள்ள நிலைக்கு வரி 1,28,700 ரூபாய் ஆகும். 10,10,000 ரூபாய் விலையுள்ள அடுத்த நிலைக்கு அது 1,81,800 ரூபாய் ஆகிவிடும். விலைப்பட்டியலில் 20,000 ரூபாயாகத் தெரியும் வேறுபாடு, வரியோடு சேர்த்து 73,100 ரூபாயாகிறது.

கடன் பெற்று வாங்கும்போது வேறுபாட்டுக்கும் வட்டி சேரும். கூடுதலாகப் பெறும் 1,00,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 2,076 ரூபாய் ஆகும். முடிவில் செலுத்திய தொகை ஏறத்தாழ 1,24,550 ரூபாய் ஆகும்.

மறுவிற்பனையில் இவ்வேறுபாடு முழுமையாகத் திரும்புவதில்லை. இந்தியக் காப்புறுதிக் கணக்கில் நான்கு ஆண்டுகளைக் கடந்து ஐந்துக்கு மிகாத வண்டிக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும் முறையைக் கொண்டால், 7 இலட்சம், 9 இலட்சம் ரூபாய் விலையுள்ள இரு நிலைகளின் மதிப்பு 3.5 இலட்சம், 4.5 இலட்சம் ரூபாய் ஆகும். தொடக்கத்தில் இருந்த 2 இலட்சம் வேறுபாடு 1 இலட்சமாகச் சுருங்கிவிடும்.

பின்னர் பொருத்தக்கூடியவையும் இயலாதவையும்

வசதிநிலையைத் தேர்வதில் மிகவும் பயனுள்ள பகுப்பு, ஓர் உறுப்பை வாங்கிய பின்னர் பொருத்த முடியுமா என்பதாகும்.

ஒலிக்கருவி, இருக்கை உறைகள், தரைவிரிப்புகள், பின்புறப் படக்கருவி, சக்கர மூடிகள் போன்றவற்றைப் பின்னர் பொருத்தலாம். வெளிச்சந்தையில் இவற்றின் விலை, அடுத்த நிலைக்குக் கொடுக்கும் தொகையைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் மின்கம்பிகளை வெட்டி இணைத்துப் பொருத்தினால், மின் அமைப்புக்கான நிறுவன உத்தரவாதம் மறுக்கப்படக்கூடும். பின்னர் சேர்த்த பொருள்களைத் தனியே குறிப்பிட்டுக் கட்டணம் செலுத்தினாலன்றிக் காப்புறுதி அவற்றுக்குப் பொருந்தாது. ஆலையிலேயே பொருத்தப்பட்டவை வண்டியின் மதிப்பில் அடங்கிவிடும்.

காற்றுப்பைகள் இவ்வகையின அல்ல. அவற்றுக்கு மோதல் உணரிகள், கட்டுப்பாட்டுக் கருவி, அதற்கேற்ற திசைமாற்றி வளையம், முகப்புப் பலகை, இருக்கைகள் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டையை இறுக்கும் அமைப்பு, சறுக்கலைத் தடுக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, பின்னிருக்கை நடுவிடத்துக்கான மும்முனைப் பட்டை ஆகியவையும் நடைமுறையில் பின்னர் சேர்க்க முடியாதவை. உயரம் மாற்றத்தக்க ஓட்டுநர் இருக்கையும் ஏறத்தாழ இவ்வாறே ஆகும். உயரம் குறைந்த ஒருவர் நாள்தோறும் ஓட்டும் வண்டியில் சாலை தெளிவாகத் தெரிவது அதைப் பொறுத்தது.

தேர்வு முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் தேர்வை மூன்று படிகளாகப் பிரிக்கலாம். முதலாவதாக, பின்னர் பொருத்த இயலாத உறுப்புகளுள் குடும்பத்துக்குத் தேவையானவை பட்டியலிடப்படும். சிறு குழந்தை உள்ள வீட்டுக்குக் குழந்தை இருக்கைக் கொக்கிகளும், பின்னிருக்கையில் முதியவர் பயணம் செய்யும் வீட்டுக்குத் தலைதாங்கிகளும் இதில் இடம்பெறும். இரண்டாவதாக, அவை அனைத்தும் அடங்கிய மிகக் கீழான நிலை கண்டறியப்படும். மூன்றாவதாக, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நிலைக்கும் ஆகும் கூடுதல் தொகை, சாலை வரியும் வட்டியும் சேர்த்துக் கணக்கிடப்பட்டு, அங்கு கிடைக்கும் பொருள்களின் தனித்தனி விலையோடு ஒப்பிடப்படும்.

இம்முறையில் அடிநிலை எப்போதும் சிக்கனமானது என்றோ, மேல்நிலை எப்போதும் வீண்செலவு என்றோ முடிவு அமைவதில்லை. காற்றுப்பை மேல்நிலையில் மட்டுமே இருந்த 2014 ஆம் ஆண்டில், மேல்நிலைக்குக் கொடுத்த கூடுதல் தொகை உயிர்காப்புக்குக் கொடுத்த தொகையாக இருந்தது. எல்லா நிலைகளிலும் ஆறு காற்றுப்பைகள் உள்ள வண்டியில் அதே தொகையின் பெரும்பகுதி திரைக்கும் சக்கரங்களுக்கும் செல்கிறது. ஒரே மாடலின் உறுப்புப் பட்டியலை நிறுவனங்கள் ஆண்டுதோறும் மாற்றக்கூடும் என்பதால், வாங்கும் மாதத்தில் வெளியிடப்பட்டுள்ள பட்டியலே ஒப்பீட்டுக்கு உரியது.